கப்பலைக் கேட்கும் பெட்டி

மச்சான்,

மகன் நேற்று ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வாங்கி வந்தான். அது இரையத் தொடங்கியதும் எனக்கு உன் ஞாபகம் வந்து அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் என் ரேடியோ திருத்தும் கடையின் மேல்மாடியில் நீ குடியிருந்தாய். பகலில் பல்கலைக்கழகக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் வேலை. பின்னேரமானால் என் மேசையைப் பிடித்துக்கொண்டு உன் அண்ணருக்காக ஒரு பெட்டி செய்தாய். அவர் பருத்தித்துறையில் பாய்த்தோணியில் மீன்பிடிக்கிறவர். எஞ்சினும் இல்லை, விளக்கும் இல்லை. உன் அப்பாவின் தோணியை ஒரு கப்பல் மோதிவிட்டு நிற்காமலே போனதாம்.

"கப்பலைத் தேடுறதுக்குப் பெரிய மெஷின் வேணும், அது எங்களுக்குக் கட்டாது" என்றாய். "கப்பல்காரன் ராடர் போட்டுக்கொண்டுதானே வாறான். அந்த அலை இதிலை பட்டால் காதிலை டிக் எண்டு கேக்கும். ரெண்டு டோர்ச் பெட்டரி மாசக்கணக்கிலை ஓடக் காணும்."

கண்டியில் ஏது கப்பல், சோதித்துப் பார்க்க? எனக்குத் தெரிந்த சமையல்காரர் இருந்த ஹோட்டலுக்குப் போனோம். அங்கேதான் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தது. "இதுவும் ராடரின்ரை தம்பிதான்" என்றாய். அவர் ஒரு பணிஸ் ரொட்டியைச் சூடாக்க, அடுப்பின் அலை பட்டு உன் பெட்டி இரைந்தது. உனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லாகிப்போன பணிஸை இருவரும் பிய்த்துத் தின்றோம். அப்படி ஒரு கூட்டாளி பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது நான்கு நாள் என் வீட்டில் ஒளிந்திருந்தாய். ஊருக்குப் புறப்படும்போது பெட்டியை உடுக்கும் சாரத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாய். அதை வெளியே எடுத்தவன் நான்.

"வழியில செக் பண்ணுவாங்க மச்சான். வயரக் கண்டா குண்டு எண்டுதான் சொல்லுவாங்க. வெச்சிட்டுப் போ, பொறகு அனுப்புறேன்."

"கட்டாயம் அனுப்புவாய்தானே?"

"அனுப்புவேன்."

அனுப்பவில்லை. கொண்டுபோக ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நான் கேட்டதே இரண்டு பேரைத்தான். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

சண்டை ஓய்ந்து உங்கள் ஊர்ப் பாதை திறந்தபிறகு உன் அண்ணர் கடை தேடி வந்தார். உனக்கு நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அண்டைக்குச் சரியான மழை தம்பி. அவனும் என்னோடை வந்தவன். கிட்ட வந்தாப்பிறகுதான் கப்பலைக் கண்டம். நான் ஒரு பலகையைப் பிடிச்சுத் தப்பிட்டன். அவனைக் காணேல்லை."

என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அந்தப் பெட்டி இருந்திருந்தால் கேட்டிருக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணன், ராடர் போடாம வந்த கப்பலா இருக்கும். கேட்டிருக்காது" என்றேன்.

அவர் தலையாட்டினார். கொஞ்சம் மனம் ஆறித்தான் பஸ் ஏறினார்.

ஆனால் உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா? அந்த மழையில் எந்தக் கப்பல்காரன் ராடரை அணைத்து வைப்பான், மச்சான்?