வயதுப்படி ஒரு பட்டியல்

டீச்சர்,

இன்று மதியம் ஆசிரியர் அறையில் யாரோ நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார்கள். நீங்கள் தேய்க்கும் அதே வாசனை வந்ததும் உங்கள் நாற்காலி இருந்த பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

பிள்ளைகளை இனி வயதுப்படிதான் உட்கார வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை பட்டியல் போட்டுவிட்டார். அதில் கவிதா என்றொரு பெண். பதினோரு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வருஷமும் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவள். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் என் கலப்பு வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டுகிறாள். அவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறவளும் அவள்தான். திங்கள் முதல் ஐந்தாம் வகுப்பில் தனியாக எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

நம் பழைய மாணவி அஞ்சலையை நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் அவளை இரண்டாம் வகுப்பில் போட்டார்கள். ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: “எல்லாம் என்ன ஆயான்னு கூப்புடுதுங்க டீச்சர். நான் வரல.”

“எல்லாரையும் கலந்து உக்கார வச்சா வருவியா?” என்று கேட்டீர்கள்.

மூன்று வகுப்புகளும் ஒரே அறைக்கு வந்தது அப்படித்தான். பிறகு பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார். “எம் பொண்ணு படிக்க வருதா, சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்த வருதா?” நீங்கள் தனியாக நின்று பதில் சொன்னீர்கள். நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அன்று வீடு திரும்பும்போது, “எனக்கும் பயந்தாம்மா. பயந்துக்கினே பேச வேண்டியதுதான்” என்றீர்கள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

அஞ்சலை பத்தாவது முடித்தாள். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஆனால் அந்த அம்மாவின் மகள் ஆறாவதில் கணக்கில் தடுமாறினாள். அது நம்மால்தானா என்று உங்களிடம் கேட்கவே இல்லை. இப்போதும் உறுத்துகிறது.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியையிடம் போனேன். “கவிதாவ எங்கிட்டயே விட்டுடுங்க மேடம்.”

“ஒருத்திக்காக மாத்த முடியுமா?”

“அவள மாதிரி இன்னும் ஆறு பேர் இருக்காங்க” என்று பெயர்களைச் சொன்னேன். பயந்துகொண்டேதான். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு பின்தங்காமல் தினம் தனியாக ஒரு மணி நேரம் எடுப்பதாகவும் சொன்னேன்.

அவர் பட்டியலை எடுத்து அந்தப் பெயர்களைத் தேடிப் பார்த்தார். “காலாண்டுப் பரீட்ச வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள இதுங்க படிக்கலன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

மணியடித்ததும் கவிதா வந்து நின்றாள். பட்டியலைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “திங்கக்கிழம நான் எங்க உக்காரணும் டீச்சர்?”

“இங்கதான்.”

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏழு பிள்ளைகள், பரீட்சைக்கு ஆறு வாரம். முடியுமா என்று தெரியவில்லை டீச்சர். அவளுக்கான முதல் பத்து வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி முடித்துவிட்டேன்.