கொழுப்பு குறைகிறது என்று மெஷின் சொன்ன நாட்கள்

அன்பு மகன் அருள்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை கனிமொழியும் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம், நீ அங்கே ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்குக் கவலை.

அப்பா காரியம் முடித்து நீ போய் இருபத்தாறு நாள் ஆகிறது. "நான் அனுப்புன எடை மெஷின்தான் அப்பாவக் கொன்னுடுச்சு" என்று தங்கையிடம் சொன்னாயாம். அப்படி நினைக்காதே சாமி, நடந்ததைச் சொல்கிறேன் கேள். லாரி ஓட்டுவதை விட்டதிலிருந்து தொப்பை தொப்பை என்று புலம்பினாரே, அதற்குத்தானே அந்த எடை மெஷினை அனுப்பினாய். தினமும் காலையில் வெறுங்காலோடு ஏறி நின்று, அது காட்டும் கணக்கைப் போனில் பார்ப்பார். சித்திரையில் கொழுப்பு நூற்றுக்கு முப்பத்தொன்று என்று காட்டியது, ஆடியில் இருபத்தேழு, எடை மட்டும் நாலு கிலோ கூடியிருந்தது. "எடை ஏறுது, கொழுப்பு எறங்குது, அப்படின்னா சதை புடிக்குதுன்னுதான அர்த்தம்" என்று சிரித்தார், டீக்கடை வரைக்கும் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

நான் தையல்காரி. ஆடிக் கிருத்திகைக்குப் பேண்ட் தைக்க அளவெடுத்தேன், இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. டேப்பு வேற மாதிரி சொல்லுதுங்களே என்றேன். "உன் டேப்பு துணிக்குத்தான், இது கம்ப்யூட்டர்" என்றார், நானும் விட்டுவிட்டேன். காலில் செருப்பு வார் பதிந்த தடம் மறையாமல் கிடந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது, வயசுதானே என்று தைலம் தேய்த்தேன். முப்பது வருஷம் ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவள் சாமி நான்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தருமபுரிக்குக் காரில் கொண்டுபோனோம். டாக்டரம்மா காலைப் பார்த்ததுமே இதயம் பலவீனமாகி உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது என்றார். மெஷினைப் பற்றிக் கேட்டேன். அது பாதம் வழியாக லேசாக மின்சாரம் விட்டுக் கணக்குப் போடுகிறதாம், நீர் இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடுமாம், அதைக் கொழுப்பு குறைவு என்று காட்டிவிடுமாம். "வூட்ல பாக்கறது ஒரு உத்தேசம்தாங்கம்மா, கால் வீங்குனன்னிக்கே வந்திருக்கணும்" என்றார். அப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் என் கையைப் பிடித்து, "மெஷின் தப்புன்னு அருளுகிட்ட சொல்லிடாத, ஆசையா அனுப்புனான்" என்றார். அதற்கு அடுத்த நாள் போய்விட்டார்.

அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீ அத்தனை தூரத்திலிருந்து மெஷின் காட்டிய எண்ணைத்தான் பார்த்தாய், நான் அவர் வீங்கிய காலையே பார்த்தேன். உனக்கும் அவர் ரத்தம்தான், மெஷினில் என்ன வந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் இதயத்தைக் காட்டிவிடு, மறக்காதே. நம் குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். யாரையாவது திட்ட வேண்டுமென்று தோன்றினால் என்னைத் திட்டு சாமி, உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
ராஜாமணி
பாப்பிரெட்டிப்பட்டி