சிரித்த முகத்துக்கு எத்தனை மதிப்பெண்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஊரார் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: கதை அளந்துகொண்டிருந்த உங்கள் மகன் டிகேந்திரா, இப்போது காத்மாண்டுப் பள்ளியில் குழந்தைகளின் மனத்தை அளக்கிறான். முகப் படங்களைக் காட்டி, எப்போது எந்த முகம் என்று கேட்டு மதிப்பெண் போடுவேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

நேற்று ஒன்றாம் வகுப்பு பிபிசாவிடம், "அப்பா கத்தாருக்குப் போனப்ப உன் முகம் எது?" என்றேன். சிரிக்கும் படத்தைத் தொட்டாள்.

"நல்லாப் பாருடி, வாலு."

"திலகம் வச்சு அனுப்புறப்ப அழுதா, போறவங்களுக்கு ஆகாதுண்ணே. அதான் சிரிச்சேன். ஆனா அப்பா சவப்பெட்டியிலதான் வந்தாரு. நான் சரியாச் சிரிக்கலையா?"

விதிப்படி அது தவறான விடை. மதிப்பெண் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

உலர்த்திய கீரை அனுப்புங்கள், தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். மணி அடித்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் திலகம் வாங்கிப் பல்லைக் காட்டிய நான், பேருந்து முதல் வளைவு திரும்பியதுமே அழுதுவிட்டேன். அது கணக்கில் சேருமா அம்மா?