தவலையில் இருந்த கடல்

கடல் மீன் தொட்டியைத் தனியே விட்டுவிட்டு மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாது என்ற தேவநாதனை, “சோத்துல உப்பு போட்டுத்தான் தின்றீங்களா?” என்று நேற்று கேட்டுவிட்டாள் மனைவி கெங்கம்மாள். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இன்று திண்டிவனத்தில் விழுப்புரம் ரயிலைப் பிடிக்கப் புறப்படுமுன் ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடித் தொட்டியில் ஒட்டினாள்:

“பவளக்கல் மேல தண்ணி கொறஞ்சிருந்தது. உப்பு தொட்டியிலயே தங்கிடும், தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போவும்னு நீங்க சொன்னாப்போல கெணத்துத் தண்ணிதான் ஊத்தினேன். மீனுக்குத் தீனி போட்டாச்சு. சோறு, குழம்பு மூடி வெச்சிருக்கேன். இன்னிக்கும் பட்டினி கிடக்காதீங்க.”

அடியில் நுணுக்கி எழுதினாள்:

“அடுப்பங்கரைத் தவலையில இருந்தது நீங்க மரக்காணத்துலேர்ந்து கொண்டாந்த கடல் தண்ணின்னு தெரியாம, அதுலயே ஒலை வெச்சிட்டேன். தயிர் ஊத்திக்கினு சாப்பிடுங்க. நேத்து நான் கேட்டதை இனிமே உங்களை யாரும் கேக்க முடியாது.”