வாசல் வழியாகப் போனவள்

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தபோது ஈரச் சிமெண்டு வாசனை வந்தது. எழுந்து உள்ளறைக்குப் போய் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டில் மாடி எடுத்துப் பூசுகிறார்கள், வாசனை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் நான் உன்னிடம் பேசியதைவிட உன்னை அதட்டியதுதான் அதிகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் பேசவில்லை, எழுதுகிறேன்.

ஓசூர் வீட்டுக்காரர்கள் தங்கள் மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார்களே, அன்றிலிருந்து எனக்கு ரோஷம். ஒரு வாரத்தில் வேறு வீடு பார்த்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இருபது வீடுகூட இல்லாத இந்த லேஅவுட். வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். பைக்கை விட்டு இறங்காமலே பேசினார்.

"தை பொறக்கட்டும் சார். அப்புறம் வாங்க. பெயிண்ட் அடிச்சுத் தரேன்."

"பெயிண்ட்ட நான் அடிச்சுக்கறேன். நீங்க சாவியக் குடுங்க."

அப்போது ஐப்பசி. அவர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். "அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க." நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் விடவில்லை. கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியைக் கொடுத்தார். கேட்டுக்கு உள்ளே ஒரு அடிகூட அவர் வைக்கவில்லை. வாடகைக்கு வருகிறவன்தானே என்ற இளக்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று ஒருவரும் உள்ளே வரவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கு நீ தம்ளரைக் கேட்டிலேயே கொடுத்தாய். சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, நீ திரும்பியதும் அதை வேப்பங்கன்றின் அடியில் ஊற்றிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்ம பாலக் குடிச்சா கௌரவம் கொறஞ்சிடுமாமா?" என்று கத்தினேன். நீ அதற்குள் சுவரைப் பார்த்துவிட்டிருந்தாய்.

உள்ளறையின் பின்சுவரில் ஒரு பகுதி மட்டும் நிறம் வேறாக இருந்தது. நான் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து ஆறடி உயரம், மூன்றடி அகலம்.

"ஏசி வைக்க ஒடச்சிட்டு, வேணாம்னு அடச்சிருப்பான்" என்றேன்.

"ஏசி இன்னா வாசப்படி ஒசரத்துக்கா இருக்கும்?" என்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அவிட்டத்துல யாரோ போயிருக்காங்க."

உங்கள் ஊத்தங்கரைப் பக்கம் எப்படி என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நட்சத்திரத்தில் இறந்தவர்களை வாசல் வழியாக எடுப்பதில்லை. சுவரை இடித்து, அதன் வழியாக எடுத்து, அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். போனவர்களுக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாது. அப்புறம் ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும். நீ எதிர்வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்தாய். இறந்தவர் வீட்டுக்காரரின் அம்மா. போனது ஆடியில். தை வரை அடைப்பு. உண்மையைச் சொன்னால் இந்த வீட்டுக்கு ஆள் வராது, அதனால் அந்த மனிதர் மென்று முழுங்கியிருக்கிறார். மென்றதையும் கேட்காமல் சாவியைப் பிடுங்கியவன் நான்.

"தை வரைக்கும் எங்கண்ணன் வூட்ல இருந்துட்டு வரலாங்க" என்றாய்.

"அஞ்சாங்கிளாஸோட நின்னு, மிஷின் டிராயிங்க தானாப் படிச்சு வேலைக்குப் போனவன் நான். ஒரு செவுத்துக்குப் பயந்து ஓடுவேனா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் முடித்தேன்.

ஷிப்ட் பஸ் போன பிறகு மதியத்தில் இந்த லேஅவுட்டில் ஆள் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில்தான் அடைத்த சுவர் ஈரமாகும். நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம். அதன் பக்கத்தில் இன்னொன்று. குழாய்க் கசிவு என்றேன். அந்தப் பக்கம் குழாயே இல்லை. கார்த்திகையில் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினேன், மார்கழியில் மறுபடியும் பூசினேன். தை பிறந்து அடைப்புக் காலம் முடிந்தது. ஈரம் முடியவில்லை. தெருவில் ஒருவரும் கேட்டைத் தாண்டவுமில்லை.

நீ "அந்தம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாய். பக்கத்துப் போர்ஷனில் குடியிருப்பவரைச் சொல்வது மாதிரி. "ஜன்னலச் சாத்துங்க, அந்தம்மாவுக்கு வெயில் ஆவல."

"அப்படின்னா வாடகைல பாதிய அந்தம்மாகிட்டக் கேளு" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "கேலி பண்ணாதீங்க. உள்ள வரவும் முடியாம, வெளிய போவவும் முடியாம செவுத்துக்குள்ளயே நின்னுக்கினு தடவறாங்க. போன வழிய அடச்சுட்டா பாவம், எப்படிப் போவாங்க?"

அடுத்த வருஷம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தலை நிமிராமல் சொன்னாய். "எனக்கு எந்த நட்சத்திரத்துல என்னா ஆனாலும் வாசல் வழியாத்தான் எடுக்கணும். செவுத்த இடிக்க உடக்கூடாது."

"வேலையப் பாரு."

"சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன். தர்க்கம் செய்யாமல் நான் உனக்குச் சொன்ன ஒரே சரி.

மாசியில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்டுக்கு வெளியே நின்றது. யாரோ பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவிட்டம் என்றார்கள். ஒரு பெண்கூட உள்ளே வரவில்லை. நானே உனக்குத் தண்ணீர் வார்த்தேன், நானே புடவை சுற்றினேன். மடிப்பு சரியாக வரவில்லை. அதற்கு இப்போதும் நீ கோபப்படுவாய்.

வீட்டுக்காரர் வந்தார். கூடக் கடப்பாரையோடு ஓர் ஆள். முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டி, உள்ளறை வரைக்கும் வந்தார். நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"சார், அரை மணி நேர வேலை. எங்கம்மாவயும் இப்பிடித்தான் எடுத்தோம். நானே பூசித் தரேன். தெருவுல சின்னப் பசங்க இருக்காங்க சார், ஏதாச்சும் ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

"இவ வாசல் வழியாத்தான் போவா."

"பிடிவாதம் பண்ணாதீங்க சார். பெரியவங்க பண்ணி வச்ச முறை. போனவங்க நிம்மதியாப் போகணும்ல?"

"உங்கம்மா இன்னும் போகலய்யா" என்றேன்.

எதையும் நம்பாத என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. என் சட்டை முதுகில் நனைந்துகொண்டிருந்தது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு கை மூன்று முறை தட்டியது, நகரச் சொல்வது போல, மெதுவாக. நான் நகரவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். கடப்பாரை ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் தூக்க ஆளில்லை. முனையில் போன வருஷம் மளிகைக் கடை போட்டாரே பாய், அவர்தான் தம்பிகள் மூவரோடு உள்ளே வந்தார். "எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லீங்க சார். அக்காவத் தூக்கலாம், வாங்க." வாசல் வழியாக எடுத்தோம். தெரு இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

மறுநாள் பாய் ஒரு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். வாசலில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நேத்து வந்திருந்த வயசானவங்க பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்தாங்களா சார்?"

"எந்த வயசானவங்க?"

"படி எறங்கறப்ப என் தோளப் புடிச்சிக்கிட்டே வந்தாங்களே, அந்தம்மா. கை சில்லுன்னு இருந்துச்சு, மழைல நனைஞ்சாப்ல. தெருமுனை வரைக்கும் விடல. அப்புறம் பாத்தா ஆளக் காணோம்."

போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து சுவரைத் தொட்டேன். காய்ந்திருந்தது. அன்றிலிருந்து காய்ந்தே இருக்கிறது.

உன்னுடைய ஆறு மாதமும் முடிந்துவிட்டது. பூட்டிப் போடச் சொன்னார்கள், நான் உள்ளேயே இருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்து உள்ளேயே வருகிறாள், குழம்பு கொடுக்கிறாள். வீட்டுக்காரர் போன வாரம் வந்து, இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். "வேற வீடு நானே பாத்துத் தரேன் சார். சூளகிரிலயே, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. ஒண்டியா எதுக்கு இங்க?" அவர் குரலில் இளக்காரம் இல்லை. எனக்கே தெரிகிறது. ஆனாலும் காலி செய்ய மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடு உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தது இந்த வாசல்தான். அதற்காகத்தானே தெருவையே எதிர்த்துக்கொண்டு உன்னை இந்த வழியாக எடுத்தேன்? மதியத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வழி தெரியாத அந்தம்மா அத்தனை மாதம் இந்தச் சுவரை விட்டு நகராமல் நின்றார். வழி தெரிந்த நீ ஒரு நாள்கூட வரவில்லை. யாரோ ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போக உனக்குத் தோன்றியிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தானாகத் தீரவும் தீராது. வந்து பேசித் தீர்த்துவிட்டுப் போ.