ஜாடியில் கோடு இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நீ அனுப்பிய மாத்திரைகள் வந்தன. அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. இங்கே மழை விட்டுவிட்டது.

அத்தானை நேற்று லாக்கப்பில் பார்த்தேன். இளைத்திருக்கிறார். "டாங்கர் மூடியை மூடின மாதிரிதான் ஞாபகம் மச்சான். ஆனா இத்தனை பேரு இல்லேங்கிறாங்களே, எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். பிறகு, இங்கே கொசுவுக்கு மட்டும் வேளாவேளைக்குச் சாப்பாடு என்று சிரித்தார்.

விமானம் விழுந்து விமானி இறந்த அன்று, "ஜாடியப் பாத்தியாடா?" என்று போனில் கேட்டாய். பார்த்தேன், கோடு இல்லை என்றேன். அது பொய்யில்லை.

எங்கள் வேலையை நீ நேரில் பார்த்ததில்லை. அத்தான் டாங்கரைக் கொண்டுவந்து நிறுத்துவார். விமானத்துக்கு எண்ணெய் ஏற்றும் முன், டாங்கரின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்ப்பது என் வேலை. எண்ணெய்க்கு நிறம் கிடையாது. மழைநீர் இறங்கியிருந்தால் அடியில் தங்கும். நடுவில் ஒரு கோடு தெரியும். சோதனைப் பொடியும் போட வேண்டும். தண்ணீர் பட்டால் நீலமாகும். கோடே இல்லையே என்று நான் பொடி போடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

விமானி வழக்கம்போல, "என்னப்பா, சரக்கு சுத்தமா?" என்றார். ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

நேற்று காவலர் அத்தானுக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தது.

தெளிவு. கோடு இல்லை.

அக்கா, அன்று ஜாடி முழுக்கத் தண்ணீர்.

முகர்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் என் கை, சட்டை, சோறு எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் வாசனைதான். ஜாடியில் மட்டும் இல்லை என்பது மூக்குக்கு எட்டவில்லை.

மூடி திறந்திருந்து மழை இறங்கியதோ என்னவோ. திறந்திருந்தாலும் கண்டுபிடிக்கத்தானே என்னை வைத்திருந்தார்கள்.

நாளை காலை விசாரணை அதிகாரியிடம் போகிறேன். அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் "வேணாம் மச்சான்" என்பார். நானும் கேட்டுவிடுவேன்.

இது உன் கைக்கு வரும்போது அவர் வீட்டில் இருப்பார். முதலில் சாப்பிட்டாரா என்று கேள். என்னைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அம்மாவிடம் வெளியூரில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

விமானியின் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். செருப்புகள் நிறையக் கிடந்தன. திரும்பிவிட்டேன்.

நீ வரும்போது, முடிந்தால், உள்ளே போய்விட்டு வா.

உன் தம்பி