தூங்க வைக்காத மருந்து

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. என் மூக்கைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இப்போது சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேருமே அழுவோம். அதனால்தான் கடிதம்.

நீ டிப்போ மேலாளருக்குப் போன் செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்க பையன் ரொம்பக் கவலைப்படுறார்மா, கொஞ்ச நாள் டிக்கெட் கவுன்டர்ல உட்காருங்க" என்று அவர் குழைந்தபோதே எனக்குச் சந்தேகம். என்மீது இரக்கப்படுகிற ஆளா அவர்? என் பஸ்ஸை நேற்று சேர்ந்த ஒருவனிடம் கொடுத்துவிட்டார். கியர் போட்ட கை இப்போது டிக்கெட் கிழிக்கிறது. பெற்ற பிள்ளையே எனக்கு வேட்டு வைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உனக்கு யாரோ கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்டியரிங்கில் தூங்கவில்லை. சாலையோர மரங்கள் பூத்ததும் வழக்கம்போல அடுக்குத் தும்மல், கண்ணில் அரிப்பு. ஓட்டுநர் அறையில் ஒருவர் நீட்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். தும்மல் நின்றது. ஆனால் ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடிந்தும் எனக்குக் கதவை மூடத் தோன்றவில்லை. இமை கனத்தது. உடனே எஞ்சினை அணைத்து, சாவியோடு இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். பயணிகள் திட்டினார்கள். திட்டட்டுமே, உயிரோடுதானே திட்டினார்கள்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் அப்பா லாரியில் ஒரு கணம் கண்ணயர்ந்தார், அத்தோடு போய்விட்டார். நீயே மறக்கவில்லை, நான் மறப்பேனா? அன்று என்னை இறங்கச் சொன்னதே அவர் நினைப்புதான்.

மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். நான் பஸ் ஓட்டுபவள், தூங்க வைக்காத மருந்தாகக் கொடுங்கள், இல்லையென்றால் தும்மிக்கொண்டே போகிறேன் என்றேன். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும், சாதாரணமாகத் தூக்கம் வராத வேறு மாத்திரையும் எழுதினார். ஆளுக்கு ஆள் மாறுமாம், அதையும் லீவு நாளில் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஸ்ப்ரே முழுப் பலன் தரச் சில நாள் ஆகுமாம். நானோ கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதுபோல அண்ணாந்து அடித்தேன். எல்லாம் தொண்டைக்குள் இறங்கி ஒரே கசப்பு. டாக்டரைத் திட்டித் தீர்த்தேன், பாவம். தலையைக் கொஞ்சம் குனிந்து, நுனியை வெளிப்பக்கம் திருப்பி அடிக்க வேண்டும் என்று மருந்துக்கடைப் பெண்தான் செய்து காட்டினாள். லீவு போட்டு வீட்டில் இருந்து மாத்திரையையும் போட்டுப் பார்த்தேன், கொட்டாவிகூட வரவில்லை. தும்மல் எப்போதாவது ஒன்று. இனி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

மேலாளரிடம் போய் நின்றேன். "உங்க பையன் ஒரு வார்த்தை சொல்லட்டும்மா" என்கிறார்! எனக்குக் கொதித்துவிட்டது. லைசென்ஸ் என் பெயரில், மூக்கு என் முகத்தில், அனுமதி மட்டும் உன் கையிலா? "வண்டி ஓட்டுறது நான் சார், என்னைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய் நிற்பேன். சாவி கைக்கு வரும்வரை நகரமாட்டேன்.

அதற்குள் நீ அவரிடம் பேசு. அம்மாவை ஓட்ட விடுங்கள் என்று சிபாரிசு செய்யாதே, அது எனக்கு வேண்டாம். இது அம்மாவின் விஷயம், அவரிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல். பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். உன் பயத்தை என்னிடம் கொடு கண்ணா, மேலாளரிடம் கொடுக்காதே. கண் கனத்தால் நான் வண்டியை நிறுத்துவேன், எத்தனை பேர் திட்டினாலும் நிறுத்துவேன். அதை நீ நம்ப வேண்டும். நீ நன்றாக இரு, நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
இன்னமும் ஓட்டுநரான
உன் அம்மா